உத்தரியத்துக்கு அடியில்

ஆவூர்
6 அக்டோபர் 2024

மரியே வாழ்க.

அன்புள்ள அமலா அக்காவுக்குத் தங்கை பாத்திமா எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரர் லியோவும் அப்பாவும் ஆண்டவர் புண்ணியத்தில் இருக்கிறோம். உன் முட்டிவலி குறைந்திருக்கிறதா? மழைக்காலம் வருகிறது, தரையில் ரொம்ப நேரம் முழந்தாளில் நிற்காதே. நான் சொன்னால் கேட்கவா போகிறாய்.

நல்ல சேதியாகத் தேடி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. உள்ளதை எழுதுகிறேன். அப்பாவுக்கு ஞாபகம் தவறுகிறது. வயசு வயசு என்று நாங்களும் ஒரு வருஷம் தள்ளிவிட்டோம். போன மாதம் குடையும் ஜெபப் புத்தகமுமாக இலுப்பூர் பஸ்ஸில் ஏறிவிட்டார். அங்கே கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுக்கிற உபதேசியார் வேலையை விட்டு எத்தனையோ காலம் ஆகிறது. கண்டக்டரிடம், கோயில்ல ஜனம் காத்துக்கிட்டிருக்கு, சீக்கிரம் விடுப்பா என்றாராம். லியோ வேலை பார்க்கும் நெல் மண்டிக்கு எதிரே இறங்கி நின்றதால் பிடித்தோம். இல்லாவிட்டால் எங்கே போய்த் தேடுவது.

அன்றிலிருந்து வாசல் கேட்டுக்குப் பூட்டு. போட்டது அவருக்காகத்தான். உள்ளே இருப்பது இரண்டு பேர். பால்காரரிடம் கம்பி வழியாகச் செம்பை நீட்டுகிறேன்.

திருச்சியில் டாக்டரம்மா ஸ்கேன் பார்த்து அல்சைமர் என்றார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். குணமாகாதும்மா, கொஞ்ச காலம் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். நீ ஜெபி.

உன் தங்கை,
பாத்திமா


மடத்திலிருந்து
27 அக்டோபர் 2024

சேசுவுக்குப் புகழ்.

அன்புத் தங்கை பாத்திமாவுக்கும் லியோ தம்பிக்கும் சமாதானம். முட்டி அப்படியேதான் இருக்கிறது. அதை ஒப்புக்கொடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தை மதர் என் கையில் கொடுத்தபோது பாடல் நேரம். வாசித்துவிட்டுப் போய்ப் பாட முடியவில்லை. வாயை மட்டும் அசைத்தேன்.

வருகிற ஜூலை பதினாறு, கார்மேல் மாதா திருநாளன்று, நான் துறவற வார்த்தைப்பாடு கொடுத்து இருபத்தைந்து வருஷம் நிறைகிறது. அன்றைக்குக் குடும்பத்தார் வந்து பார்லர் என்கிற சந்திப்பு அறையில் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேச அனுமதி உண்டு. அம்மாவின் அடக்கத்துக்கு நான் வரவில்லை. மடத்தை விட்டு வெளியே வரக் கூடாது, எங்கள் சட்டம் அப்படி, நான் தெரிந்தே ஏற்றது. ஆனால் அப்பா அன்று என்னைப் பார்த்து ‘அமலா’ என்று ஒருமுறை கூப்பிட வேண்டும். அது வரைக்கும் அவர் ஞாபகத்தைப் பிடித்து வைத்துக் கொடு. வேறு எதுவும் உன்னிடம் கேட்டதில்லை.

அந்த மாத்திரை என்னதான் செய்கிறது? எழுது. கிறிஸ்துமசுக்கு முந்திய திருவருகைக் காலத்திலும் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்திலும் நாங்கள் கடிதம் வாங்குவதும் இல்லை, எழுதுவதும் இல்லை. அதற்கு முன்னால் எழுது.

இயேசுவில்,
அமலராணி


ஆவூர்
15 நவம்பர் 2024

திவ்ய நற்கருணைக்கு ஆராதனை.

அக்கா, நாங்கள் நலம். இந்த மழைக்குச் சளி பிடித்ததா என்று கேட்கலாம் என்றால், பிடித்தாலும் நீ எழுதப் போவதில்லை.

மாத்திரை செய்வதைக் கேட்டிருந்தாய். மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளை வாசித்தேன், புரியாததை டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல ஒரு நீரைச் சுரக்கிறதாம், அசிட்டைல்கோலின் என்று பேர். சேதி போனதும் அதைத் துடைத்து எடுக்க இன்னொன்று இருக்கிறது. திருவிழாப் பந்தியை நினைத்துக்கொள். அப்பா தலைக்குள் பரிமாறுகிற ஆள் குறைந்துபோய்விட்டான். இலை எடுக்கிறவன் மட்டும் பழைய வேகத்திலேயே வருகிறான். சாப்பிடுமுன் இலை போய்விடுகிறது. மாத்திரை அந்த இலை எடுக்கிறவன் கையைப் பிடித்துக்கொள்கிறது. சோற்றைக் கூட்டாது. இருக்கிற சோறு கொஞ்ச நேரம் கூட இலையில் இருக்கும்.

தொந்தரவு என்னவென்றால், அதே ஆள்தான் வயிற்றிலும் நெஞ்சிலும் வேலை பார்க்கிறானாம். அங்கேயும் கை நின்றுபோகும். அதனால் குமட்டும், வயிறு போகும், நாடி மெதுவாகும். அப்பா பிரஷருக்குப் போடும் மாத்திரையும் நாடியைக் குறைக்கிற ஜாதிதான். தலைசுற்றினாலோ மயக்கம் வந்தாலோ உடனே கூட்டிவரச் சொன்னார்கள். சளிக்கும் தூக்கத்துக்கும் கடையில் சும்மா தருகிற மாத்திரைகள் இதற்கு நேர் எதிரானவை, கேட்காமல் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். லியோ, மாமா தூங்கினால் நீயும் தூங்கலாமே என்று அப்படி ஒன்றை வாங்கி வந்தார். திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். ஆசையாகத்தான் இருந்தது.

இரவில் கொடுத்தால் கெட்ட கனவு கண்டு அலறினார். காலையில் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கச் சொன்னார்கள். அப்பாவா கேட்பார்? பூசையில் நன்மை அப்பம் வாங்குமுன் தண்ணீர்கூடத் தொடாத பழைய காலத்து ஆள். அந்தச் சட்டம் எப்போதோ தளர்ந்துவிட்டது என்று சாமியாரே வந்து சொன்னார். ‘சாமி சின்னப் பிள்ளை, அவருக்குத் தெரியாது’ என்கிறார். பூசை முடிந்ததும் கொடுக்கலாம் என்று பார்த்தால், பூசைக்குப் போய் வந்ததே மறந்துவிடுகிறது, இன்னும் நன்மை வாங்கலியே ஆத்தா என்று வாயை மூடிக்கொள்கிறார். மீறி ஊட்டினால் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக் குரோட்டன்ஸ் செடியில் துப்புகிறார். செடிக்கு இப்போது நல்ல ஞாபகம் இருக்கும்.

அதனால் தோலில் ஒட்டுகிற பட்டைக்கு மாற்றியிருக்கிறார்கள். வேறு மருந்து, வேலை ஒன்றுதான். தினம் பழையதை எடுத்துவிட்டுப் புதியது ஒன்று, இடம் மாற்றி மாற்றி. முதலில் சின்ன அளவு, ஒரு மாதம் தாங்கினால் அடுத்த அளவு. அவர் கைக்கு எட்டாமல் முதுகில் ஒட்டுகிறேன். இது நோன்பை முறிக்காதே என்றேன். ஒத்துக்கொண்டார்.

பாத்திமா


மடத்திலிருந்து
26 டிசம்பர் 2024

பாலன் இயேசுவின் ஆசீர் உங்கள் வீட்டில் தங்குக.

பாத்திமா, நீ எழுதியதைத் திருவருகைக் காலம் முழுவதும் மனதுக்குள் வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த இலை எடுக்கிற ஆளுக்காகக்கூட ஜெபித்தேன், சிரிக்காதே.

இத்துடன் அப்பாவுக்கு ஒரு உத்தரியம் வைத்திருக்கிறேன். நானே தைத்தது. கழுத்தில் மாட்டினால் ஒரு துண்டு மார்பிலும் ஒரு துண்டு முதுகிலும் கிடக்கும். சின்னதாகத் தைத்தால் சட்டைக்குள் இருப்பதே தெரியாமல் போகும் என்று பெரியதாகவே தைத்தேன். கார்மேல் மாதாவின் உடுப்பு அது. எக்காரணத்தைக் கொண்டும் கழற்ற வேண்டாம், குளிக்கும்போதும் வேண்டாம். உயிர் போகிற நேரத்தில் அது அவர் மேல் இருக்க வேண்டும்.

நீ வெளியே போயே எத்தனை நாளாயிற்று? தவக்காலத்தில் பங்குக் கோயிலிலிருந்து தியானத்துக்கு அழைத்துப் போனால் நீயும் போ. ஆன்மாவுக்கும் மூச்சு வேண்டும்.

அமலராணி


ஆவூர்
2 பிப்ரவரி 2025

காணிக்கை மாதா நம்மைக் காக்க.

அக்கா, இங்கே சுகம். உத்தரியம் வந்து சேர்ந்தது. அப்பா முத்தமிட்டு மாட்டிக்கொண்டார். கழற்றவிட மாட்டேன் என்கிறார், நீ சொன்னதைவிடக் கெட்டி.

பட்டை அடுத்த அளவுக்குப் போய்விட்டது. சொன்னால் நம்பமாட்டாய். நேற்று நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, ‘அமலாவுக்கு லெட்டர் போட்டியா ஆத்தா’ என்றார். பேரைச் சொல்லித்தான். முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன், மறுபடி சொல்லுங்கப்பா என்று. ‘ஏன், ஒனக்குக் காது அடைச்சுப்போச்சா’ என்று கேட்டார்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அம்மா செத்ததும் ஞாபகம் வந்துவிட்டது. முன்பெல்லாம் அம்மா சந்தைக்குப் போயிருக்கிறாள் என்பார், நானும் ஆமாம் என்பேன், வேலை நடக்கும். இப்போது காலையில் கண் விழித்ததும் தெரிந்துவிடுகிறது. அழுகிறார். கேட்டில் பூட்டு தொங்குவதும் தெரிகிறது. ‘நான் என்ன களவாணியா’ என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். மருந்து வேலை செய்கிறது என்று டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான், உனக்காக.

மார்ச் கடைசியில் வெளியூரில் தங்கி மூன்று நாள் தியானம். லியோ கட்டாயம் போ என்கிறார். பக்கத்து வீட்டுப் பொற்கொடி பகலில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவாள், அவள் சொன்னால் சாப்பிடுவார். பட்டையைப் பற்றி எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டேன். உயிர்த்த ஞாயிறுக்குப் பின் எழுதுகிறேன்.

பாத்திமா


ஆவூர்
22 ஏப்ரல் 2025

ஆண்டவர் உயிர்த்தார், அல்லேலூயா.

அக்கா, பாஸ்கா வாழ்த்து. நீங்கள் எல்லோரும் நோன்பு முடித்துத் தெம்பாக இருப்பீர்கள்.

அப்பாவுக்கு இடையில் உடம்புக்கு முடியாமல் திருச்சி ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தோம். மருந்து அளவு கூடிப்போய் வாந்தி, வேர்வை, நாடி ரொம்ப இறங்கிவிட்டது. இப்போது வீட்டில்தான் இருக்கிறார், கஞ்சி குடிக்கிறார். பட்டையை நிறுத்திவிட்டார்கள். பிரஷர் மாத்திரையையும் வேறாக மாற்றினார்கள். மடத்துக்குப் போன் போட்டு உன் தவத்தைக் கலைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் மாங்காய் நன்றாகக் காய்த்திருக்கிறது.

பாத்திமா


மடத்திலிருந்து
4 மே 2025

உயிர்த்த இயேசுவின் சமாதானம்.

பாத்திமா, உன் கடிதத்தை எத்தனை முறை வாசித்தும் அப்பாவைவிட மாங்காய்தான் அதிகம் தெரிகிறது. அவசரத்துக்குப் போன் செய்யலாம், வாசல் வேலை பார்க்கும் வெளிச் சகோதரி எடுத்துச் சொல்வார் என்று உனக்குத் தெரியும். ஏன் செய்யவில்லை?

எப்படி அளவு கூடியது? உப்பைக்கூட இரண்டு தரம் பார்த்துப் போடுகிறவள் நீ.

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்கிறேன். மறுபடியும் சின்ன அளவில் ஆரம்பித்துப் பார்க்க முடியாதா? ஜூலை பதினாறு வரைக்கும் மட்டும். அதன் பிறகு நிறுத்திவிடலாம். பிப்ரவரியில் என் பேரைச் சொன்னாரே. அதை நீ கேட்டாய், நான் கேட்கவில்லை.

லியோ தம்பியை விசாரித்ததாகச் சொல்.

அமலராணி


ஆவூர்
20 மே 2025

மரியே வாழ்க.

அக்கா, நலம். நீயும் நலமாக இரு.

எப்படி என்று கேட்டாய். எழுதுகிறேன். நான் தியானத்துக்குக் கிளம்பிய காலை ஒரு பட்டை ஒட்டிவிட்டுப் போனேன். மறுநாளிலிருந்து பொற்கொடி. பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை முன்னால் சட்டையைக் கழற்ற அப்பா சம்மதிக்கவில்லை. அவள் பின்கழுத்து வழியாகக் கையை உள்ளே விட்டு ஒட்டியிருக்கிறாள். பழையது கைக்குத் தட்டுப்படவில்லை, வேர்வையில் உதிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மூன்று நாளும் அப்படியே. நாலாம் நாள் மதியம் நான் திரும்பி வந்தபோது திண்டாடிக்கொண்டிருந்தார். வாந்தி, வாயில் எச்சில் ஒழுகுகிறது, கூப்பிட்டால் கண் மட்டும் திறக்கிறது. சட்டையைக் கத்தரித்துப் பார்த்தால் முதுகில் ஓரிடத்தில் நாலு பட்டை. ஒட்டி நேரமானாலும் அதில் மருந்து மிச்சம் இருக்குமாம். எல்லாம் சேர்ந்து இறங்கியிருக்கிறது. உரித்துப் போட்டுவிட்டுக் காரில் ஏற்றினோம். அரை மணி தாமதித்திருந்தால் தெரியாது என்றார் அங்கே இருந்த டாக்டர்.

பொற்கொடியை நீ மனசுக்குள்ளும் திட்டாதே. கும்பிட்டுக்கொண்டேதான் கையை உள்ளே விட்டேன் அக்கா என்று அவள் அழுத அழுகையை நான் பார்த்தேன்.

மறுபடி ஆரம்பிக்கலாமா என்று நானும் கேட்டேன், உனக்காக. மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனாலே அடிமட்ட அளவிலிருந்துதான் ஏற வேண்டும், இவர் நெஞ்சு இருக்கிற இருப்பில் அதுவும் வேண்டாம் என்பது என் எண்ணம், முடிவை நீங்க சொல்லுங்க என்றார் டாக்டரம்மா. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லியோவைக் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை.

உன் பேர் போய்விட்டது. என் பேரும் போய்விட்டது, இந்தாம்மா என்றுதான் கூப்பிடுகிறார். அம்மா சந்தைக்குப் போய்விட்டாள். காலையில் அழுவதில்லை.

உனக்கு ஒரே ஒரு நாள், அக்கா. மற்ற நாள் எல்லாம் எனக்கு. நீ உள்ளே இருப்பது நீயாகக் கேட்டு வாங்கியது, அதற்கு வெள்ளி விழா எடுக்கிறார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. அடித்துவிட்டு எழுதினால் வேறு தாள் வேண்டும். இப்படியே போகட்டும்.

பாத்திமா


மடத்திலிருந்து
8 ஜூன் 2025

தூய ஆவியார் நம்மைத் தேற்றுவாராக.

என் பாத்திமாவுக்கு,

பொற்கொடி எதைக் கும்பிட்டாள் என்று நீ எழுதவில்லை. ஒரு நாள் முழுக்க அதை யோசித்தேன். பிறகு தையல் அறையில் இன்னொரு உத்தரியத்துக்குத் துணி வெட்டும்போது விளங்கியது. முதுகில் கிடக்கிற துண்டு அத்தனை பெரியது. சாமி துணி என்று தூக்கிப் பார்க்கப் பயந்திருக்கிறாள். அதைச் சுற்றிக் கையை விட்டு ஒட்டியிருக்கிறாள், துணி நகர்ந்து ஒவ்வொன்றையும் மூடியிருக்கிறது. பழைய பட்டைகள் எல்லாம் நான் தைத்த துணிக்கு அடியில் இருந்திருக்கின்றன. கழற்றக் கூடாது என்று சொன்னதும் நான்.

இதை எனக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு மாங்காயைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

அதைக் கழற்றிவிடு. பெட்டியில் வை. அவர் சாகும்போது நீ பக்கத்தில் இருப்பாய், அது போதும் என்று மாதாவிடம் சொல்லிவிட்டேன். மருந்தும் வேண்டாம். நீ சொன்ன முடிவுதான் சரி. ஜூலையில் வர முடியாவிட்டாலும் குறையாக நினைக்க மாட்டேன்.

உன் கோபத்தை மறுபடி மறுபடி வாசித்தேன். அந்தத் தாளை மட்டும் மதரிடம் கேட்டு என் அறையிலேயே வைத்துக்கொண்டேன். வழக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

அமலா


ஆவூர்
27 ஜூலை 2025

சேசு மரி சூசை துணை.

அக்கா, வீடு வந்து சேர்ந்து பத்து நாள் ஆகிறது. ரயிலில் அப்பா நன்றாகத் தூங்கினார். உங்கள் மடத்தில் கொடுத்த தயிர்சோறு கெடவில்லை. மதருக்கு என் வணக்கம்.

நடந்ததை நீயும்தான் பார்த்தாய், இருந்தாலும் எழுதுகிறேன். அங்கே உன் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தெம்பு இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அப்பா என்றாய். அவர் கம்பியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு, ‘யாரும்மா நீ, ஒன்னைய ஏன் அங்கிட்டு வச்சிருக்காக’ என்றார்.

நானாத்தாம்ப்பா வந்தேன் என்றாய்.

‘எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாக. அழுவாத. இங்கிட்டு வா, எங்க வீட்டுக்குப் போவோம். எம்மக பாத்திமா இருக்கு, சோறு போடும்.’

பாத்திமா என்று சொன்னார், அக்கா. நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், நான்தான் அது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் பேரைச் சொன்னார். நீ கேட்ட ஒன்று உனக்குக் கிடைக்காமல் நான் கேட்காதது எனக்குக் கிடைத்தது. நீ கம்பிக்குள் கையை நீட்டி என் முந்தானையைப் பிடித்தாயே, அது போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இனி இங்கத்துச் சேதி. துணி துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் பாதி பன் இருந்தது. எறும்பு மொய்த்துவிட்டது. மறுநாளும் பாதி. என்னப்பா இது என்றால், உள்ள அடைச்சு வச்சிருக்காகளே அந்தப் புள்ளைக்கு, யாராச்சும் அங்கிட்டுப் போனாக் குடுத்துவிடு என்கிறார். நேற்றுச் சாப்பிட்டோமா என்று தெரியாத மனுஷன் உன்னை மறக்கவில்லை. மகள் என்று இல்லை. யாரோ ஒரு பிள்ளை என்று. டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். மனசைத் தொட்டது சில நேரம் அப்படித் தங்கும், எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார்கள்.

உங்கள் சட்டத்தில் இடம் இருந்தால் மதரிடம் கேட்டுப் பார், ஒரு வாரம் நான் அங்கே, நீ இங்கே. எனக்குப் பாட வராது, முட்டி மட்டும் நன்றாக இருக்கிறது.

சாயங்காலம் டீ குடித்ததும் பன்னைப் பிட்டு நீட்டுகிறார். பூட்டைத் திறந்து வெளியே போய், தெருமுனை வரைக்கும் நடந்து, அங்கே நின்று நானே தின்றுவிட்டு வருகிறேன். அந்த நேரத்துக்குப் பொற்கொடி கேட்டில் நிற்கிறாள். திரும்பி வந்ததும், சாப்பிட்டுச்சா என்று கேட்கிறார்.

சாப்பிட்டுச்சுப்பா என்கிறேன்.

உன் தங்கை,
பாத்திமா